வால்பாறை வயிறு

ஜூன் 9, திங்கள்

இன்று எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. காரணம், கோகிலவாணி அக்காவின் செருப்பில் நான் வாந்தி எடுத்தது.

முறையாக எழுதுகிறேன். பீளமேட்டில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. என்னையும் சேர்த்து ஆறு பேர். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் சுற்றிலும் வேறு உலகமே தெரியுமே, அந்த விஆர் கேம் ஒன்றை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம். பெயர் 'இருவாச்சி', பெரிய அலகுள்ள மலைக்காட்டுப் பறவை. விளையாடுகிறவர்தான் ஆண் பறவை. காட்டில் பழம் பறித்து, மலை தாண்டிப் பறந்து, மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டை காக்கும் பெட்டைக்குக் கொண்டுபோய் ஊட்ட வேண்டும். அதற்குத் தமிழில் வசனம் எழுதுவதற்காக என்னைச் சேர்த்தார்கள். சேர்ந்து நான்கு மாதமாகியும் நான் ஹெட்செட் பக்கம் போகவில்லை. என் வயிறு எனக்குத் தெரியும்.

இன்று ரியாஸ் விடவில்லை. கேமில் வரும் மலை, காடு, பறக்கும் பாதை எல்லாம் அவர் கைவேலை. "உங்க வசனத்தை நீங்களே கேக்கலைனா எப்படிங்க எஸ்தர்? சும்மா ரெண்டு நிமிஷம்" என்றார். மாட்டிக்கொண்டேன். கிளையிலிருந்து எழும்பியது வரை நன்றாக இருந்தது. அருவிப் பக்கம் திரும்பியதும் வாயில் எச்சில் ஊறியது. கழற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா வெளிக்குழாயில் செருப்பைக் கழுவிக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். அவர்தான் முதலாளி. பொள்ளாச்சிக்காரர்.

"ஏங் கண்ணு, உனக்கு எப்பவுமே இப்படித்தானா?"

"பஸ்சு, காரு, ராட்டினம், ஊஞ்சல், எல்லாத்துலயும் வரும்க்கா. சாரிக்கா."

"சாரி எதுக்கு? நாங்க அஞ்சு பேரும் மாட்டி மாட்டிப் பழகிட்டம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகறதில்ல. காசு குடுத்து வாங்கறவனுக்கு என்ன ஆகும்னு சொல்ல ஆளில்லாமத்தான் இத்தன நாள் தவிச்சுக்கிட்டிருந்தேன்." செருப்பை வெயிலில் சாய்த்து வைத்தார். "நாளையிலிருந்து நீதான் டெஸ்ட் பண்ற. ஆகஸ்ட்ல சென்னைக் கண்காட்சி. நீ கொமட்டாம கூடு வரைக்கும் போயிட்டீன்னா கேம் ரெடின்னு அர்த்தம்."

அவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகாது. பிறந்ததிலிருந்து வால்பாறை மலைப் பேருந்தில் ஏறி இறங்கியும் பழகாத வயிறு இது.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் பூரி சாப்பிட்டது தவறு.

ரியாஸ் ஏன் இப்படி ஆகிறது என்று சொன்னார். "கண்ணு 'போறோம்'ங்குது. காது 'உக்காந்துதானே இருக்கோம்'ங்குது. காதுக்குள்ளதான் அசைவைக் காட்டுற கருவி இருக்கு. ரெண்டுக்கும் சண்டை. வயித்துக்குப் பஞ்சாயத்து பண்ணத் தெரியல, உள்ள இருக்கறதை வெளிய தள்ளிருது."

"பஸ்சுல நிஜமாவே போறோமே, அங்க ஏன் வருது?"

"அங்க உல்ட்டா. காது போறோம்ங்குது. முன்சீட்டைப் பாத்துட்டு இருக்கற கண்ணு இல்லேங்குது."

இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இதை இப்படிச் சொன்னதில்லை. "மனசுல தைரியம் இருந்தா வராது" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 14, சனி

அம்மாவுக்குப் போன் செய்து புது வேலையைப் பற்றிச் சொன்னேன்.

"வாந்தி எடுக்கறதுக்கா சம்பளம் தராங்க?"

"எந்த இடத்துல வருதுன்னு சொல்றதுக்கும்மா."

"அதைத்தான் நான் உன் சின்ன வயசுல இருந்து சொல்லிட்டிருக்கேனே. பஸ்சு அட்டகட்டி தாண்டினதும் வரும்."

பிறகு அம்மா தேயிலைக் காட்டில் உடன் வேலை செய்யும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் என் பெரியம்மா மகள் போனில் சிரித்தாள். "ஏய் கவர் ராணி, பெரிய ஆளாயிட்டியாமே!" வீட்டில் என்னை ராணி என்பார்கள். எங்கே கிளம்பினாலும் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்குக் கவர் ராணி. வேளாங்கண்ணிக்குக் குடும்பமே வேன் பிடித்துப் போன இரண்டு முறையும் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் டிவி இருந்தது.

ஜூன் 18, புதன்

அருவித் திருப்பத்தை ரியாஸ் மாற்றிக்கொண்டு வந்தார். மாற்றியதையும் என் வயிறு தள்ளிவிட்டது. மதியம் தயிர்சாதம் மட்டும்.

ஜூன் 27, வெள்ளி

இன்று அருவியைத் தாண்டிவிட்டேன்! எழுந்து நின்று கை தட்டினார்கள். ரியாஸ் திருப்பத்தின் வேகத்தைக் குறைத்திருக்கிறார். என் ஒரு சொல்லுக்காக மலையையே கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார். என் பேச்சைக் கேட்டு யாராவது எதையாவது நகர்த்தியிருக்கிறார்களா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

இப்போது தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ரியாஸ் சின்ன மேசை விசிறியை என் முகத்துக்கு நேராக வைக்கிறார். காற்று பட்டால் குமட்டல் குறையுமாம். இஞ்சி மரப்பா வாங்கி வைத்திருக்கிறார். அலுவலகத்தில் எல்லோருக்கும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் வேறு யார் மேசையிலும் பார்க்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஊருக்குப் போய்வந்தேன். ஆழியாறு தாண்டி மலை ஏறிச் சில வளைவுகளிலேயே கவர் நிறைந்தது. இறங்கும்போதும் அப்படியே. பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

முன்பானால் முகத்தை மூடிக்கொண்டிருப்பேன். இன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் வயிறு கொஞ்சமும் மாறவில்லை. கேம்தான் மாறிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

கூடு வரைக்கும் பறந்துவிட்டேன். அருவி, பள்ளத்தாக்கு, மூடுபனி, கடைசி ஏற்றம், எல்லாம். கழற்றியபோது சுற்றிலும் ஐந்து முகங்கள். "பசிக்குதுக்கா" என்றேன். அவ்வளவுதான், அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆள் அனுப்பி பிரியாணி வாங்கிவரச் சொன்னார். ஹெட்செட்டைக் கழற்றிய கையோடு பிரியாணி சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

சாப்பிடும்போது ரியாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எஸ்தர், முன்னாடி ஒரு பாய்ச்சல் வெச்சிருந்தேன். மலை உச்சியில இருந்து தலைகீழா அப்படியே கீழ. யாருக்கும் தாங்காதுன்னு எடுத்துட்டேன். அதை ஒரு தடவை..."

"வைங்க, பாக்கலாம்."

வைத்தார். பாய்ந்தேன். மேகம் கிழிந்து பள்ளத்தாக்கு முகத்தில் வந்து மோதியது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அக்கா சுவர்ப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்: 'எஸ்தருக்குக் கொமட்டலைனா ஊருக்கே கொமட்டாது.' கண்காட்சிக்காரர்களுக்கும் போனில் சொல்லிவிட்டார், எங்களிடம் தனி ஆள் இருக்கிறார், அவர் பார்த்து விட்ட கேம் என்று. 'தனி ஆள்' நான்.

ரியாஸ் மட்டும் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டார். களைப்பாக இருக்கும்.

ஜூலை 16, புதன்

பாய்ச்சல், மறுபடியும். ஒன்றுமில்லை. மேலும் ஒரு பாய்ச்சல் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 26, சனி

அம்மா கண் பரிசோதனைக்காகக் கோவை வந்தார். மருத்துவமனையில் சீக்கிரம் முடிந்தது. கண்ணில் மருந்து கூட விடவில்லை, கண்ணாடி மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். "உன் ஆபீசைப் பாக்கணும்" என்றார் அம்மா. எனக்கும் காட்ட வேண்டும் என்றிருந்தது.

அக்கா அம்மாவுக்குக் காப்பி கொடுத்து, பலகையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். அம்மா எட்டாம் வகுப்பு, எழுத்துக் கூட்டித் தானே ஒரு முறை படித்தார். "எம் பேரு போட்ட மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "நானும் பறக்கட்டா?"

எல்லோரும் சிரித்தோம். எங்கள் குடும்பத்திலேயே இரும்பு வயிறு அம்மாவுடையது. மலைப் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவார்.

உட்கார வைத்து மாட்டிவிட்டேன். "ஐயோ, நம்ம காடு ராணி! அந்தா பாரு, மரம் கையில தட்டுது!" ரியாஸ் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மற்றவர்களும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அருவி தாண்டியதும் அம்மாவின் பேச்சு நின்றது.

"நல்லா இருக்காம்மா?"

"ம்."

அந்த 'ம்' எனக்குத் தெரியும். அது என்னுடைய 'ம்'. அம்மா கொட்டாவி விட்டார். சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்கியது. மேலுதட்டில் வியர்வை. விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சந்தாம்மா. கூடு வந்துரும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

தலைகீழ்ப் பாய்ச்சலில் அம்மாவின் இரண்டு கைகளும் நாற்காலியை விட்டு எழும்பிக் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன. நான் ஹெட்செட்டைக் கழற்றினேன். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. எழுந்து நடக்க முடியவில்லை. நானும் அக்காவும் தாங்கிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனோம். அம்மாவின் தலையை நான் பிடித்துக்கொண்டேன். இதுவரை என் தலையைத்தான் அவர் பிடித்திருக்கிறார்.

வாய் கொப்பளித்துவிட்டு அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "காலையில தின்ன வடை சரியில்ல. எண்ணெய் காறல். பிள்ளைங்க செஞ்சது ரொம்ப நல்லா இருக்கு."

காலையில் நாங்கள் சாப்பிட்டது இட்லி.

ஜூலை 27, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனோம். மதியம் அம்மாவைப் பேருந்து ஏற்றிவிட்டேன். துணி துவைத்தேன். போர்வையையும் துவைத்தேன். தலையணை உறையைத் துவைத்தேன். காய்வதற்கு இடம் இல்லாமல் விடுதி வார்டன் திட்டினார்.

ஜூலை 28, திங்கள்

காலையில் எல்லோருக்கும் முன்பே அலுவலகம் போனேன். பெருக்குகிற அம்மாள் கதவு திறந்துவிட்டார். கணினியில் ரியாஸ் பழைய வெர்ஷன்களை எல்லாம் வைத்திருக்கிறார். ஜூன் மாதத்து முதல் வெர்ஷனைப் போட்டேன். என்னை அக்காவின் செருப்பில் வாந்தி எடுக்க வைத்த அதே பாதை. விசிறி போடவில்லை. இஞ்சி மரப்பா போடவில்லை. மடியில் கவரை விரித்து வைத்துக்கொண்டேன்.

எழும்பினேன். அருவித் திருப்பம் அன்றைய வேகத்திலேயே வந்தது. வரட்டும் என்று காத்திருந்தேன். வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாய் உலர்ந்தே இருந்தது. பள்ளத்தாக்கு, மூடுபனி, ஏற்றம். கூட்டில் போய் உட்கார்ந்தேன். ஒன்றுமே இல்லை. சாலையில் நடந்து கடைக்குப் போன மாதிரி இருந்தது.

கேம் மாறியதெல்லாம் கொஞ்சம்தான். மாறியது நான்தான். பேருந்து பேருந்துதான், ஹெட்செட் ஹெட்செட்தான். ஒன்றுக்குப் பழகாத வயிறு மற்றதற்குப் பழகிவிட்டது. நானும் அந்த ஐந்து பேரைப் போல ஆகிவிட்டேன்.

அழுதேனா என்றால், ஹெட்செட்டின் உட்புறக் கண்ணாடியைத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது.

எல்லோரும் வந்ததும் அக்காவையும் ரியாஸையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எனக்குப் பழகிடுச்சுக்கா. நான் பாஸ் பண்ணினது எதுவும் செல்லாது. அம்மா வடை சாப்பிடல."

அக்கா உட்கார்ந்துவிட்டார். ரியாஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அவரைக் கேட்டேன்.

"தெரியும்னு சொன்னா பொய். தெரியாதுன்னு சொன்னாலும் பொய்." ஜன்னலிலிருந்து திரும்பினார். "அன்னைக்கு அந்தப் பாய்ச்சல்ல நீங்க சிரிச்சீங்கள்ல, அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா அந்தப் பாய்ச்சலை நான் ஏழு மாசம் செஞ்சேன் எஸ்தர். நீங்க ஓகேன்னதும் பேசாம இருந்துட்டேன்."

கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது. ஆனால் பேசாமல் இருந்தவர் அவர் ஒருவர் மட்டுமா?

அக்கா மெதுவாகக் கேட்டார். "கண்காட்சிக்கு மூணு வாரங்கூட இல்ல கண்ணு. எல்லாத்துக்கிட்டயும் சொல்லியாச்சு. இப்படியே கொண்டு போயிட்டா? எல்லாருக்குமா வரப்போகுது?"

"எஸ்தர் பாத்து விட்ட கேம்னு சொல்லித்தானக்கா கொண்டு போறீங்க? எம் பேரைக் கேட்டு நம்பி உக்காந்தவங்க ஒருத்தர் கூட வாந்தி எடுக்கக் கூடாது."

என் குரல் அவ்வளவு சத்தமாக இருந்தது எனக்கே ஆச்சரியம். அக்கா எழுந்து போய்ப் பலகையில் எழுதியிருந்ததை முந்தானையால் துடைத்தார். "சரி. என்ன பண்ணலாம், சொல்லு" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

புது ஆட்கள் வேண்டும். ஹெட்செட்டைத் தொட்டே இராதவர்கள். ஒருவரை ஒரு முறைதான் உட்கார வைக்கலாம். அதற்கு மேல் பழகிவிடும். இதை நான் சொன்னேன். என்னைவிட இதை அறிந்தவர் யார்?

ஆகஸ்ட் 2, சனி

விடுதி உணவுக்கூடத்தில் ஒரு தாள் ஒட்டினேன்: 'பஸ்ஸில் வாந்தி வருபவர்கள் மட்டும் தேவை. டிபன் உண்டு.'

இரண்டு பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். வரிசை நின்றது. அதிலும் போட்டி! "எனக்கு ஆட்டோவுலயே வரும்க்கா" என்கிறாள் ஒருத்தி. "எனக்கு லிஃப்டுல வரும்" என்கிறாள் நர்சிங் படிக்கிறவள். வார்டன் ருக்மா மேடம் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார். "எனக்குப் பக்கத்துல யாராச்சும் ஊஞ்சல் ஆடினாலே வரும். என் பேரை முதல்ல எழுதும்மா." இத்தனை பேர் இருக்கிறோம். வீட்டுக்கு ஒருத்தர் பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு இருந்திருப்போம் போல.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரியாஸ் அந்தப் பாய்ச்சலை எடுத்துவிட்டார், நான் சேர்க்கச் சொன்னதையும். நான் கேட்காமலே. மதியம் நானும் அவரும் வெளியே டீ குடித்தோம். "ஏழு மாசம்" என்றார். "தெரியும்" என்றேன். திரும்பிவரும்போது அவர் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். நானும்தான்.

அப்புறம் அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதை எழுதியாக வேண்டும். பறவையின் அலகைப் பார்வைக்குள் கொண்டுவந்துவிட்டார். முகத்துக்கு முன்னால் பெரிய மஞ்சள் அலகு, எங்கே திரும்பினாலும் கூடவே வருகிறது. உலகம் சுற்றினாலும் அலகு அசையாமல் நிற்கிறது. கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. திருப்பங்களில் ஓரங்கள் கொஞ்சம் இருளும்படியும் செய்திருக்கிறார். அலகு வருவதற்கு முன் பறந்து பாதியில் கழற்றிய விடுதிப் பெண்களுக்குப் பதில், வரிசையில் நின்ற அவர்களின் அறைத் தோழிகளை உட்கார வைத்தோம். பத்தில் எட்டுப் பேர் கூடு போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள். நான் முகத்தைப் பார்க்கிறேன். முதலில் பேச்சு நிற்கும். பிறகு கொட்டாவி. பிறகு எச்சில் விழுங்குவது. விழுங்கும்போது நான் கழற்றிவிடுவேன். அது எந்த இடம் என்று ரியாஸுக்குச் சொல்லிவிடுவேன். இனி ஒருவரையும் 'இன்னும் கொஞ்சந்தான்' என்று சொல்லி உட்கார வைக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ருக்மா மேடம் கூடு வரைக்கும் போனார். இறங்கி வந்து மேஜையில் இருந்த மூன்று போண்டாவையும் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 16, சனி. சென்னை

கால் வீங்கியிருக்கிறது. வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கண்காட்சி அரங்கில் பெரிய பெரிய கம்பெனிகள். எங்களுக்குக் கிடைத்தது கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு மூலை. "நல்லதாப் போச்சு, அவசரத்துக்கு ஆகும்" என்றார் அக்கா. அவசரமே வரவில்லை. காலையிலிருந்து வரிசை குறையவே இல்லை. ஒரு கல்லூரி மாணவர் மட்டும் நடுவில் பேச்சை நிறுத்தினார். கொட்டாவி விட்டார். கழற்றிவிட்டேன். "நான் சொல்லவே இல்லையே, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். ரியாஸ் எனக்கு முன்னால் பதில் சொன்னார்: "இவங்களுக்குத் தெரியும்."

நான்கு மணிவாக்கில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கணவர் பறந்தார், நன்றாக இருக்கிறது என்றார். மனைவி அவர் கண்ணாடி, செல்போன், இரண்டு துணிக்கடைப் பைகள், எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றார். "நீங்களும் வாங்கம்மா" என்றேன்.

"ஐயோ, எனக்கு ஒத்துக்காதும்மா. தி.நகர் போறதுக்கே எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டுப் போறவ நானு."

"அவளால முடியாதுங்க, விடுங்க" என்றார் கணவர். கோபமாக எல்லாம் இல்லை. வழக்கமாகச் சொல்வது போலத்தான்.

"ஒத்துக்காதவங்களை வெச்சுத்தாம்மா இதையே சரி பண்ணினோம்" என்றேன். "நான் உங்க முகத்தையே பாத்துட்டிருப்பேன். நீங்க சொல்றதுக்கு முன்னாடி கழட்டிருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பைகளை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அருவித் திருப்பத்தில் எனக்குத்தான் மூச்சு நின்றது. அவர் தொண்டை அசையவில்லை. மேலுதட்டில் வியர்வை இல்லை. நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்த கைகளில் ஒன்று விடுபட்டது. பிறகு மற்றதும். இரண்டு கைகளையும் மெதுவாக விரித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் மலையைத் தாண்டினார். வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

கூட்டை அடைந்து வெகுநேரமாகியும் அவர் கழற்றவில்லை. கணவர் கயிற்றுக்கு வெளியே இருந்து, "என்ன ஆச்சு? மயக்கமா? போலாம் வா" என்றார்.

அவர் ஹெட்செட்டோடு தலையை அந்தக் குரலின் பக்கம் திருப்பி, விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் குஞ்சு பொரியுது."

கணவர் பைகளைத் தரையில் வைத்துவிட்டு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை.